க்ரோஸ்னியின் தெருக்களில் டாங்கிகள் எப்படிச் சிக்கின

"டாங்கி, விமானம், பீரங்கி எல்லாம் வைத்திருக்கிற பெரிய ராணுவம், துப்பாக்கியும் ஆர்.பி.ஜி.யும் மட்டுமே வைத்திருக்கிற கெரில்லாக்களிடம் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் ஏன் இப்படித் திணறுகிறது? அவர்களின் வீரமா, இவர்களின் முட்டாள்தனமா? அப்படியானால் ராணுவம் எப்படித்தான் ஊரைப் பிடிக்கிறது?" இதுதான் கேள்வி. (ஆர்.பி.ஜி. என்பது தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ராக்கெட் குழாய்.)

வீரமும் உண்டு, முட்டாள்தனமும் உண்டு. ஆனால் பெரும்பகுதி வெறும் கணக்கு. கோணக் கணக்கு, தலைக் கணக்கு, கதவுக் கணக்கு. பொதுவாகப் பேசினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். ரஷ்யாவின் தெற்கில், காகசஸ் மலையடிவாரத்தில் இருக்கும் செச்சன்யாவின் தலைநகர் க்ரோஸ்னி. இந்த ஊருக்காக ஆறு வருடத்துக்குள் மூன்று பெரிய சண்டைகள் நடந்தன: 1994-95, 1996, 1999-2000. சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஏறக்குறைய அதேதான், தெருக்களும் அதேதான். முடிவு மட்டும் மூன்று விதம். இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

1818-இல் யெர்மோலொவ் என்கிற ரஷ்யத் தளபதி மலைவாசிகளை அடக்கக் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர் இது. க்ரோஸ்னி என்றால் ரஷ்ய மொழியில் 'பயங்கரமான' என்று பொருள். பின்னால் எண்ணெய் கிடைத்தது, சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன, சோவியத் காலத்தில் ஐந்தடுக்கு, ஒன்பதடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 1989 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் ரஷ்யர்கள். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபோது செச்சன்யா தனிநாடு என்று அறிவித்தவர் ஜோகர் துதாயெவ். சோவியத் விமானப்படையின் மேஜர் ஜெனரல், எஸ்தோனியாவில் குண்டுவீச்சு விமானப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய படைத்தலைமை அதிகாரி அஸ்லான் மஸ்காதொவ், சோவியத் பீரங்கிப்படையில் கர்னல். 'கெரில்லா' என்றதும் காட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். க்ரோஸ்னியைக் காத்தவர்களில் பலர் அதே சோவியத் ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்தவர்கள். ரஷ்ய டாங்கிக்குள் உட்கார்ந்தவர்கள். அதன் எந்த இடத்தில் தகடு மெல்லியது என்று அவர்களுக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை. வேறு சிலர் 1992-93-இல், ஜார்ஜியாவிலிருந்து பிரியப் போராடிய அப்காசியாவில் சண்டை போட்டுப் பழகியிருந்தார்கள்.

முதல் எச்சரிக்கை 1994 நவம்பர் 26 அன்றே வந்துவிட்டது. துதாயெவின் செச்சன் எதிரிகளை முன்னால் நிறுத்தி, ரஷ்ய வீரர்கள் ஓட்டிய டாங்கிகள் ஊருக்குள் போயின. நடுஊர் வரைக்கும் பிரச்சினை இல்லாமல் போய்விட்டு, அங்கே வைத்து நொறுங்கின. பிடிபட்ட ரஷ்யர்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் பாவெல் கிராசெவ் அவர்கள் நம் ஆட்களே இல்லை என்றார். அதோடு, நாங்கள் நேரடியாக இறங்கியிருந்தால் ஒரு பாராசூட் ரெஜிமெண்ட் போதும், இரண்டு மணி நேரத்தில் முடித்திருப்போம் என்றும் சொன்னார். இந்த வாக்கியம் சாகும்வரை அவரைத் துரத்தியது.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 31 அன்று, அதே தவறு பத்து மடங்கு பெரிதாக நடந்தது. வடக்கு, வடகிழக்கு, மேற்கு, கிழக்கு என்று நாலு திசையிலிருந்து படைகள் நடுஊரில் ஜனாதிபதி மாளிகையை நோக்கிப் போக வேண்டும் என்பது திட்டம். அன்று ஊருக்குள் நுழைந்தவர்கள் சுமார் ஆறாயிரம் பேர். (ஜனவரி 1 கிராசெவின் பிறந்தநாள். அதற்குப் பரிசாகத்தான் அவசரப்பட்டார்கள் என்று ஒரு பேச்சு இன்றும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பரிசு கொடுக்க நினைத்தவன் இதைவிட நன்றாகத் திட்டம் போட்டிருப்பான்.)

அந்தத் திட்டத்தில் டாங்கி இருந்தது, பி.எம்.பி. என்கிற கவச வண்டி இருந்தது. வண்டியிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் நடந்துபோகும் காலாட்படைதான் போதுமான அளவு இல்லை. பல வண்டிகள் ஓட்டுநர், சுடுபவர் என்று உள்ளே இருக்க வேண்டியவர்களோடு மட்டும் போயின. இருந்த ஆட்களும் பல ஊர்களிலிருந்து வழித்தெடுத்து ஒட்டுப்போட்ட பிரிவுகள். பக்கத்தில் இருப்பவனின் பெயரே சிலருக்குத் தெரியாது. கையில் கொடுத்த வரைபடம் 1:50,000, 1:1,00,000 அளவில், அதுவும் பழையது. 1:1,00,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் தெரு ஒரு சென்டிமீட்டர். அதில் சந்து எங்கே தெரியும், முட்டுச்சந்து எங்கே தெரியும்?

இப்போது கோணக் கணக்குக்கு வருவோம். டி-72, டி-80 டாங்கிகள் ஐரோப்பாவின் சமவெளியில், ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் எதிரி டாங்கியை அடிக்கச் செய்யப்பட்டவை. அதற்காக உயரத்தைக் குறைத்துத் தட்டையாகச் செய்திருக்கிறார்கள். விளைவு, அதன் குழலை மேலே சுமார் 14 டிகிரிக்கு மேல் தூக்க முடியாது, கீழே 5, 6 டிகிரிக்கு மேல் தாழ்த்த முடியாது. முப்பது மீட்டர் அகலமுள்ள தெருவின் நடுவில் டாங்கியை நிறுத்துங்கள். பக்கத்து ஐந்தடுக்குக் கட்டடம் பதினைந்து மீட்டரில் இருக்கிறது. குழலை முழுவதும் தூக்கினால் குண்டு போய்ப் படுவது தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் உயரத்தில். அதாவது முதல் மாடி. அதற்கு மேலே இருக்கும் மூன்று மாடிகளில் யார் நின்று கை காட்டினாலும் டாங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. சரி, கீழே? சோவியத் குடியிருப்புகளில் நிலவறை உண்டு, அதன் சின்ன ஜன்னல் தெருமட்டத்துக்கு ஒட்டி இருக்கும். குழல் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் அந்த ஜன்னலையும் அடிக்க முடியாது. நடுத்தெருவில் நிற்கும் டாங்கிக்கு மேலேயும் எட்டாது, கீழேயும் எட்டாது. குறுகிய தெருவானால் ஆறு மீட்டர் குழலைப் பக்கவாட்டில் திருப்பினாலே விளக்குக் கம்பத்தில் இடிக்கும்.

செச்சன் ஆட்கள் இருந்தது மேல்மாடியிலும் நிலவறையிலும்தான். தரைத்தளத்து ஜன்னல்களையும் கதவுகளையும் பல இடங்களில் அடைத்து வைத்திருந்தார்கள், ரஷ்யர்கள் சட்டென்று உள்ளே புக முடியாதபடி.

அவர்களுடைய அடிப்படைக் குழு மூன்று நான்கு பேர். ஒருவன் கையில் ஆர்.பி.ஜி., ஒருவன் இயந்திரத் துப்பாக்கி, ஒருவன் ஸ்னைப்பர், கூடவே ரவை சுமக்க ஒருவன். இப்படி ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து ஒரே ஒரு வண்டியைக் குறிவைக்கும். ஸ்னைப்பரும் இயந்திரத் துப்பாக்கிக்காரனும் வண்டியோடு வரும் காலாட்களைத் தரையோடு படுக்க வைப்பார்கள், அல்லது உள்ளேயே அடைபட வைப்பார்கள். அந்த நேரத்தில் ஆர்.பி.ஜி.காரர்கள் பக்கம், பின்புறம், மேல்மூடி என்று பல திசையிலிருந்து அடிப்பார்கள். ஒரு டாங்கி ஓய மூன்றிலிருந்து ஆறு அடி தேவைப்பட்டது. வரிசையாக வண்டிகள் வந்தால் முதலில் முன்வண்டி, அடுத்து கடைசி வண்டி. நடுவில் இருப்பவை முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. ஊரில் குறுகிய பாலத்தில் முன்னால் ஒரு லாரியும் பின்னால் ஒரு பஸ்ஸும் நின்றுவிட்டால் நடுவில் மாட்டிய கார்க்காரன் நிலைமை, அதில் ஜன்னலில் இருந்து சுடவும் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெடிகுண்டுத் தகடு என்று ஒன்று உண்டு. டாங்கியின் உடம்பில் செங்கல் செங்கல்லாகப் பொருத்தியிருக்கும் பெட்டிகள். ராக்கெட் வந்து பட்டால் அவை வெளிப்பக்கமாக வெடித்து அதன் வேகத்தைக் கெடுக்கும். டி-80-கள் சிலவற்றில் பெட்டி இருந்தது, உள்ளே மருந்து வைக்கவில்லை. அதோடு டி-80-இன் குண்டும் மருந்தும் சுடுபவர்கள் காலடியில் வட்டமாக அடுக்கியிருக்கும். பக்கவாட்டில் அடி விழுந்து அது பற்றினால் கோபுரம் தனியே பறக்கும்.

அன்று ரயில் நிலையத்தில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மைக்கோப் நகரைச் சேர்ந்த 131-ஆவது பிரிகேட் என்ற படைப்பிரிவுக்கு முதலில் கொடுத்த வேலை வடக்கு ஓரத்தைப் பிடித்து நிற்பது. எதிர்ப்பே இல்லை என்று தெரிந்ததும், இன்னும் உள்ளே போ, ரயில் நிலையத்தைப் பிடி என்று வானொலியில் உத்தரவு வந்தது. போனார்கள். தெருக்கள் காலி. பிற்பகலில் நிலையத்தை அடைந்து, வண்டிகளை முன்சதுக்கத்தில் நிறுத்தி, கட்டடத்துக்குள் போனார்கள். மேற்கிலும் கிழக்கிலும் இருந்து வந்து கைகோக்க வேண்டிய படைகள் வழியிலேயே மாட்டிக்கொண்டன, வந்து சேரவில்லை. இருட்டத் தொடங்கியதும் சுற்றியுள்ள கட்டடங்களிலிருந்து சதுக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கர்னல் இவான் சாவின் வானொலியில் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார். ரஷ்யர்கள் பேசியது மறையாக்கம் எதுவும் இல்லாத திறந்த அலைவரிசையில். கேட்டுக்கொண்டிருந்த செச்சன்கள் அனைவருக்கும் ரஷ்ய மொழி தெரியும். செச்சன்கள் தங்கள் வாக்கிடாக்கியில் பேசியது செச்சன் மொழியில். ரஷ்யப் பக்கம் அது தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. காயம்பட்டவர்களை மிச்ச வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வெளியே வர முயன்றபோது சாவின் கொல்லப்பட்டார்.

அந்த பிரிகேட் கொண்டுபோன 26 டாங்கிகளில் 20 போயின, 120 கவச வண்டிகளில் 102 போயின என்பது அதிகமாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு. ஆறு துங்குஸ்காக்களும் போயின. துங்குஸ்கா என்பது விமானத்தைச் சுடும் வண்டி. அதை ஏன் தெருச்சண்டைக்குக் கொண்டுபோனார்கள்? மேல்மாடியைச் சுட டாங்கியால் முடியாது, வானத்தைச் சுடும் துப்பாக்கியால் முடியும். யோசனை நல்லதுதான். ஆனால் அதன் தகடு மெல்லியது. மேலே இருப்பவன் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதைத்தான் முதலில் அடித்தான்.

அதே நாளில், அதே ஊரில், ஒரு படை மட்டும் உருப்படியாக நின்றது. வடகிழக்கிலிருந்து வந்த ஜெனரல் லெவ் ரோக்லினின் 8-ஆவது கோர் (பல பிரிவுகள் சேர்ந்த படையணி). செச்சன்கள் எதிர்பார்த்த வழியில் வராமல் அவர் வேறு வழியில் வந்தார். வரும் வழியெல்லாம் சின்னச் சின்னக் காவல் குழுக்களை விட்டுக்கொண்டே வந்தார், முதுகுப்பக்கம் அடைபடாமல் இருக்க. டப்பா உணவுத் தொழிற்சாலை ஒன்றையும் மருத்துவமனை ஒன்றையும் பிடித்து உட்கார்ந்துகொண்டார். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் விஷயம், அந்தக் கோர் யாருடைய வாரிசு என்பது. 1942-இல் ஹிட்லரின் படையிடமிருந்து ஸ்டாலின்கிராடைக் காத்த ஜெனரல் சுய்கொவின் 62-ஆவது படை பின்னால் 8-ஆவது காவலர் படை என்று பெயர் மாறி, ஜெர்மனியில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1993-இல் வோல்கோகிராடுக்கு, அதாவது பழைய ஸ்டாலின்கிராடுக்கே திரும்பி, கோராகச் சுருங்கியது. உடைந்த கட்டடங்களுக்குள் சின்னச் சின்னத் தாக்குதல் குழுக்களாகச் சண்டை போடுவது எப்படி என்று உலகத்துக்குப் பாடம் எடுத்ததே இந்த ராணுவம்தான். ஐம்பது வருடத்தில் அதை மறந்துபோய், நாட்டுப்புற ஜெர்மானியச் சமவெளியை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜனவரியில் நினைவு திரும்பியது. டாங்கி பின்னால், காலாள் முன்னால். ஒரு குழுவில் துப்பாக்கிக்காரர், ஸ்னைப்பர், சுரங்க வெடி அகற்றுபவர், 'ஷ்மெல்' தூக்குபவர். ஷ்மெல் என்பது தோளில் வைத்துச் சுடும் ஒரு குழாய். அதன் குண்டு அறைக்குள் போய் எரிபொருளைக் காற்றில் பரப்பி அந்தக் காற்றையே வெடிக்க வைக்கும். கதவு, மூலை, படிக்கட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. கட்டடம் கட்டடமாகப் போய், ஜனவரி 19 அன்று இடிந்த ஜனாதிபதி மாளிகையில் ரஷ்யக் கொடி ஏறியது. அதற்கு முன்பே, மாளிகையின் அடித்தளம் வரை துளைக்கும் விமானக் குண்டுகள் விழுந்ததும், உள்ளே இருந்தவர்கள் சுன்ழா ஆற்றுக்குத் தெற்கே நழுவிவிட்டார்கள்.

நழுவ முடிந்தது ஏன்? ஊரின் தெற்குப் பக்கம் திறந்தே கிடந்தது. ஆளும் வரும், ரவையும் வரும், காயம்பட்டவர் அந்த வழியே வெளியேறுவார். பிப்ரவரி பிற்பகுதியில்தான் அந்த வாயில் அடைபட்டது. எதிரிக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டுவைப்பது சாமர்த்தியம்தானே என்று சிலர் கேட்பார்கள். இங்கே அது சாமர்த்தியம் இல்லை, ஆள் பற்றாக்குறை.

இதுதான் தலைக் கணக்கு, கூடவே கதவுக் கணக்கு. சாதாரண சோவியத் ஐந்தடுக்குக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நுழைவாயில், ஒவ்வொன்றிலும் ஐந்து தளம், தளத்துக்கு நாலு வீடு. மொத்தம் எண்பது வீடு. வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை என்று வைத்தாலும் முந்நூறு கதவுக்கு மேல். ஒவ்வொரு கதவையும் யாராவது ஒருவன் முதலில் திறக்க வேண்டும். முடித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகும்போது இங்கே காவல் வைக்காமல் போனால், நிலவறை வழியாகவோ சாக்கடை வழியாகவோ அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார்கள். காவல் வைத்தால் நூறு பேர் கொண்ட கம்பெனி நாலைந்து கட்டடத்திலேயே கரைந்துவிடும். க்ரோஸ்னியில் இப்படி எத்தனை கட்டடம்? ஊருக்கு வெளியே மூன்றுக்கு ஒன்று ஆள் பலம் இருந்தால் தாக்கலாம் என்பது பழைய விதி. ஊருக்குள் அது பத்தும் கேட்கும். காப்பவனுக்கு ஊர் முழுவதையும் பிடித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் உள்ள அநியாயம். அவன் இன்றைக்கு இந்த ஜன்னலில், நாளைக்கு அடுத்த தெருவில். தாக்குபவனுக்கு மட்டும்தான் எல்லாக் கதவும் வேண்டும்.

ஆள் இல்லாத ராணுவம் அந்தக் குறையைக் குண்டால் நிரப்பும். மாளிகை விழுவதற்கு முன்னும் பின்னும் பீரங்கியும் ராக்கெட்டும் விமானமும் நடுஊரை மாவாக்கின. அப்போது அந்த நிலவறைகளில் இருந்தவர்கள் யார்? இங்கேதான் அந்த 1989 கணக்கு வருகிறது. செச்சன் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைக்கிராமத்தில் பெரியப்பா வீடு, மாமன் வீடு என்று போக்கிடம் இருந்தது, டிசம்பரிலேயே போய்விட்டார்கள். எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரஷ்யக் கிழவிக்குப் போக இடமில்லை. தன் நாட்டு ராணுவம்தானே வருகிறது, தன்மேல் குண்டு போடவா போகிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. ரஷ்ய மனித உரிமைப் போராளி செர்கேய் கவல்யொவ் அந்த நாட்களில் க்ரோஸ்னியின் நிலவறைகளில் இருந்தே நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய குழுவின் மதிப்பீட்டில் அந்தக் குளிர்காலத்தில் க்ரோஸ்னியில் செத்த பொதுமக்கள் சுமார் 27,000 பேர். அதில் பெரும் பங்கு ரஷ்யர்கள்.

ரோக்லினுக்கு ரஷ்யாவின் உச்ச விருதான 'ரஷ்ய வீரர்' பட்டம் கொடுத்தார்கள். சொந்த நாட்டு மண்ணில் நடத்திய சண்டைக்காக அதை வாங்கிக்கொள்ளத் தனக்கு உரிமையில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்.

ஊர் பிடிபட்டது. கேள்வி தீர்ந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஊரைப் பிடிப்பது ஒன்று, வைத்திருப்பது வேறு என்று 1996 ஆகஸ்ட் காட்டியது. என் கணக்கில் மூன்று சண்டைகளிலும் ராணுவக் கல்லூரிகள் அதிகம் படிக்க வேண்டியது இதைத்தான்.

அதற்குள் துதாயெவ் செத்துவிட்டார், 1996 ஏப்ரலில் ஏவுகணைத் தாக்குதலில். ரஷ்ய ஜனாதிபதி யெல்த்சின் தேர்தலில் மறுபடி ஜெயித்து, ஆகஸ்ட் 9 அன்று பதவியேற்க இருந்தார். க்ரோஸ்னியில் ரஷ்ய ராணுவம், உள்துறைப் படை, போலீஸ் எல்லாம் சேர்த்து சுமார் 12,000 பேர். ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மஸ்காதொவின் ஆட்கள் ஏறத்தாழ 1,500 பேர் ஊருக்குள் வந்தார்கள். சோதனைச்சாவடிகள் பெரிய சாலைகளில் இருந்தன. இவர்கள் பெரிய சாலையில் வரவில்லை. சாவடிகளைத் தாக்கிப் பிடிக்கவும் இல்லை. சாவடிக்கும் சாவடிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைத்தார்கள். 1995-இல் ரஷ்யர்கள் தாக்குபவர்கள், கதவைத் திறக்க வேண்டியவர்கள். இப்போது அதே ரஷ்யர்கள் மணல்மூட்டைக்குப் பின்னால் தண்ணீர் தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை மீட்க வெளியிலிருந்து வந்த கவச வண்டி வரிசைகள், முன்வண்டி, கடைசி வண்டி என்று அதே பழைய முறையில் எரிந்தன. செச்சன்களுக்குப் பின்னாலிருந்து இன்னும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

12,000 பேர் 1,500 பேரிடம் அடைபட்டது எப்படி? 12,000 என்பது காகிதத்தில்தான் ஒரே எண். தரையில் அது இருபது பேர், முப்பது பேர், ஐம்பது பேர் என்று சிதறிக் கிடந்த டஜன் கணக்கான தீவுகள். ஒவ்வொரு தீவையும் அடைத்த நேரத்தில் செச்சன்கள்தான் அங்கே அதிகம். ஊரைக் காக்கிறேன் என்று எல்லா முனையிலும் ஆளை நிறுத்தினால் எந்த முனையிலும் ஆள் போதாது.

அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்த ஜெனரல் புலிக்கொவ்ஸ்கி, 48 மணி நேரத்தில் மக்கள் வெளியேறுங்கள், அதற்குப் பிறகு முழுப் பலத்தோடு ஊரை அடிப்பேன் என்று கெடு வைத்தார். எட்டு மாதம் முன்பு அவருடைய மகனும், ராணுவ அதிகாரிதான், செச்சன்யாவில் செத்திருந்தான். மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடத் தொடங்கினார்கள். யெல்த்சினின் பாதுகாப்புக் குழுச் செயலாளர் அலெக்சாண்டர் லெபெத் நேரில் வந்து அந்தக் கெடுவை ரத்து செய்து, மஸ்காதொவோடு உட்கார்ந்து பேசி, ஆகஸ்ட் 31 அன்று காஸாவ்யுர்த் என்ற ஊரில் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ரஷ்ய ராணுவம் செச்சன்யாவை விட்டே வெளியேறியது.

கேள்வியின் கடைசிப் பகுதி: ராணுவம் எப்படித்தான் ஊரைப் பிடிக்கிறது? 1999-2000 க்ரோஸ்னி அதற்குப் பதில், அழகான பதில் அல்ல. 1999-இல் மறுபடி வந்த ரஷ்யர்கள் இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதல் தடவை போல டாங்கி வரிசைகளை மொத்தமாக நடுஊருக்கு ஓட்டவில்லை. முதலில் ஊரை நாலு பக்கமும் சுற்றி வளைத்தார்கள். டிசம்பர் 6 அன்று விமானத்திலிருந்து துண்டுப்பிரசுரம் போட்டார்கள்: 11-ஆம் தேதிக்குள் வெளியேறாதவர்கள் பயங்கரவாதிகளாகக் கருதப்பட்டு அழிக்கப்படுவார்கள் என்று. பல்லாயிரக்கணக்கானவர்கள் அப்போதும் நிலவறைகளில்தான் இருந்தார்கள். நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், அந்தத் துண்டுப்பிரசுரம் கைக்கே கிடைக்காதவர்கள். உலகம் முழுவதும் கூச்சல் எழுந்ததும் அது மக்களுக்குச் சொன்னது இல்லை என்று ரஷ்ய அதிகாரிகள் மழுப்பினார்கள். பிறகு வாரக்கணக்கில் தூரத்திலிருந்து அடி. பாதுகாப்பான வெளிப்பாதை என்று சிலவற்றை அறிவித்தார்கள், அவற்றின் மீதும் குண்டு விழுந்த நாட்கள் உண்டு. ஒரு கட்டடத்திலிருந்து சுட்டால் காலாளை அனுப்பாமல் அந்தக் கட்டடத்தையே இறக்கினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனால் 1995-ஐப் போல ஒரே இரவில் பிரிகேடே அழியும் காட்சி இந்தத் தடவை வரவில்லை. அப்படியும் மினுத்கா சதுக்கத்தைப் பிடிக்க ஜனவரி முழுவதும் ஆனது. மாலஃபெயெவ் என்கிற ரஷ்ய ஜெனரலே தெருச்சண்டையில் செத்தார்.

ஆக, முதல் தடவை ராணுவம் தன் ஆட்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்துக்கு மூன்றாம் தடவை விலை கொடுத்தது நிலவறையில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த ஊர்ச் சண்டை பற்றிய செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டே தகவல்: தாக்கும் படையின் காலாட்கள் எத்தனை பேர், உள்ளே மாட்டியிருக்கும் மக்கள் எத்தனை பேர். முதல் எண் குறைவாகவும் இரண்டாவது எண் அதிகமாகவும் இருந்தால், டாங்கியின் மாடலைப் பற்றியெல்லாம் பேச வேண்டியதில்லை.

2000 ஜனவரி கடைசியில், ஊரை இனி வைத்திருக்க முடியாது என்று தெரிந்து, செச்சன் படையினர் ஆயிரக்கணக்கில் இரவோடு இரவாகத் தென்மேற்கே அல்கான்-காலா கிராமத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் பனிக்கு அடியில் கண்ணிவெடி வயல். க்ரோஸ்னியின் மேயர் லேச்சா துதாயெவ் அங்கே செத்தார். செச்சன் தளபதி ஷமில் பசாயெவின் பாதம் போனது. விடிந்தபோது அல்கான்-காலாவில் இருந்த சின்ன மருத்துவமனையின் தரை முழுவதும் கால் சிதைந்தவர்கள் கிடந்தார்கள். அங்கே இருந்த அறுவை மருத்துவர் ஹசன் பாயெவ் ஒருவரே. இரண்டு நாளில் 67 பேருக்குக் கை, கால் எடுத்தார். அவற்றில் ஒன்று பசாயெவுடையது. அதற்கு முன்பு காயம்பட்ட ரஷ்ய வீரர்களுக்கும் அவர்தான் வைத்தியம் பார்த்திருந்தார். அதனால் செச்சன்களில் ஒரு கூட்டம் அவரைத் துரோகி என்றது. பசாயெவின் காலை வெட்டி உயிரைக் காப்பாற்றியதால் ரஷ்யர்களும் அவரைத் தேடினார்கள். அந்த வருடமே அவர் நாட்டை விட்டுப் போய் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார்.